ஒரே டேபிள், ரெண்டு கம்ப்யூட்டர்: ஒரே கீபோர்டு, மவுஸ், மானிட்டர வெச்சு எப்படி ஓட்டறது

ஆபீஸ் லேப்டாப் ஒண்ணு, சொந்த பிசி ஒண்ணு, ஆனா டேபிளும் பெரிய மானிட்டரும் ஒண்ணே ஒண்ணு தான். காலைல லேப்டாப்ல மாட்டி சாயங்காலம் கழட்டி பிசில மாட்டி மறுநாள் மறுபடியும் கழட்டினு தினமும் டேபிளுக்கு அடியில குனிஞ்சு வயர் மாத்திட்டு இருக்கறவங்களுக்காக தான் இத எழுதறேன். இதுக்கு என்ன வழின்னு யார கேட்டாலும் "ஒரு கேவிஎம் ஸ்விட்ச் வாங்கிடு"ன்னு தான் பதில் வரும். வாங்கலாம், தப்பில்ல, ஆனா வீட்ல ரெண்டு மெஷின் வெச்சிருக்கறவங்கள்ல பாதி பேருக்கு மேல அது தேவையே படாதுங்கறது என் அபிப்ராயம். ஏன்னு சொல்றேன்.

கேவிஎம்னா கீபோர்டு, வீடியோ, மவுஸ். மூணையும் ஒரு டப்பாக்குள்ள கொண்டு வந்து ஒரு பட்டன் வெச்சிருப்பாங்க, அழுத்தினா மூணும் அடுத்த மெஷினுக்கு தாவும். சர்வர் ரூம்ல ஒரு ரேக் முழுக்க மெஷின் இருக்கும், ஒவ்வொண்ணுக்கும் தனி மானிட்டர் வைக்க முடியாது, அங்க இது ரொம்ப காலமா இருக்கு. ஊதா கலர்ல கீபோர்டு பின்னு, பச்சை கலர்ல மவுஸ் பின்னு, நீல கலர்ல விஜிஏ பின்னு இருந்த காலத்துல அந்த டப்பா பெருசா தொல்ல குடுக்காது. இப்போ தான் பிரச்சனை, ஏன்னா மூணுல ஒண்ணு மட்டும் ரொம்ப வளந்துடுச்சு.

சாதாரண யூஎஸ்பி கீபோர்டு ஒரு தடவ அனுப்பற ரிப்போர்ட் வெறும் 8 பைட். மவுஸும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஆனா 4கே மானிட்டர் செகண்டுக்கு 60 தடவ படத்த மாத்தணும்னா, 3840 பெருக்கல் 2160 பிக்சல், ஒவ்வொண்ணுக்கும் 24 பிட், கணக்கு போட்டு பாருங்க, செகண்டுக்கு கிட்டத்தட்ட 12 ஜிகாபிட் வரும். கீபோர்டு சொட்டு தண்ணினா ஸ்கிரீன் லாரி தண்ணி. ரெண்டையும் ஒரே டப்பா வழியா திருப்பி விடணும்னு நினைக்கறப்போ தான் விலை ஏறுது, ஸ்கிரீன் மினுக்குது, ரெஃப்ரெஷ் ரேட் (செகண்டுக்கு எத்தன தடவ படம் மாறுதுங்கறது) குறையுது. மலிவான கேவிஎம் பத்தி வர்ற புகார்கள்ல பெரும்பாலும் வீடியோ பக்கத்து புகாரா தான் இருக்கும்.

அதனால மொதல்ல ரெண்டையும் பிரிச்சுடுங்க. கீபோர்டு மவுஸ் எப்படி மாறணும்ங்கறது ஒரு கேள்வி, ஸ்கிரீன் எப்படி மாறணும்ங்கறது வேற கேள்வி. தனித்தனியா பாத்தா ரெண்டுமே சின்ன வேல.

ஸ்கிரீன்ல ஆரம்பிப்போம். உங்க மானிட்டர் பின்னாடி பாருங்க. ரொம்ப பழசா இல்லன்னா பெரும்பாலும் குறைஞ்சது ரெண்டு இன்புட் இருக்கும், ரெண்டு ஹெச்டிஎம்ஐ இல்லன்னா ஒரு ஹெச்டிஎம்ஐ ஒரு டிஸ்ப்ளே போர்ட். அப்போ மானிட்டரே ஒரு வீடியோ ஸ்விட்ச் தான், அத ஏற்கனவே காசு குடுத்து வாங்கிட்டீங்க. ஒரு கேபிள் பிசிக்கு, இன்னொரு கேபிள் லேப்டாப்புக்கு, ரெண்டும் எப்பவும் மாட்டியே இருக்கட்டும். மாத்தணும்னா மானிட்டர் பட்டன அழுத்தி இன்புட் மாத்துங்க. நல்ல போர்ட்ட எதுக்கு குடுக்கறதுன்னு மட்டும் யோசிங்க. 4கே மானிட்டர்னா ஹெச்டிஎம்ஐ 1.4 வழியா 30 ஹெர்ட்ஸ் (செகண்டுக்கு 30 தடவ) தான் வரும், 60 வேணும்னா ஹெச்டிஎம்ஐ 2.0 இல்லன்னா டிஸ்ப்ளே போர்ட் 1.2 வேணும், மானிட்டர் கம்ப்யூட்டர் கேபிள் மூணுமே அதுக்கு ஏத்ததா இருக்கணும். 30 ஹெர்ட்ஸ்ல மவுஸ் நகர்த்தி பாத்தீங்கன்னா இழுத்து இழுத்து போகும், கண்ணு வலிக்கும்.

கேபிள் வாங்கறப்போ இன்னொண்ணு. டிஸ்ப்ளே போர்ட்ல இருந்து ஹெச்டிஎம்ஐக்கு போற கேபிள் ஒரு பக்கமா தான் வேலை செய்யும். கம்ப்யூட்டர்ல டிஸ்ப்ளே போர்ட், மானிட்டர்ல ஹெச்டிஎம்ஐனா பிரச்சனை இல்ல. தலைகீழா, கம்ப்யூட்டர்ல ஹெச்டிஎம்ஐ மானிட்டர்ல டிஸ்ப்ளே போர்ட்னா அந்த சாதா கேபிள் ஓடாது, உள்ள சிப் வெச்ச கன்வெர்ட்டர் வேணும், அதுக்கு பெரும்பாலும் யூஎஸ்பில இருந்து கரண்ட்டும் குடுக்கணும். ரிச்சி ஸ்ட்ரீட்ல போய் "ஹெச்டிஎம்ஐ டு டிபி கேபிள் குடுங்கண்ணா"ன்னு மட்டும் கேட்டா கைக்கு எது கிடைக்குதோ அத எடுத்து குடுப்பாங்க, எந்த பக்கம் கம்ப்யூட்டர் எந்த பக்கம் மானிட்டர்னு சொல்லி கேளுங்க. லேப்டாப்ல இருக்கற டைப் சி போர்ட்டும் அதே மாதிரி, ஓட்டை ஒரே மாதிரி இருக்குங்கறதுக்காக எல்லாத்துலயும் டிஸ்ப்ளே வராது, சிலதுல சார்ஜும் டேட்டாவும் மட்டும் தான், மாடல் நம்பர் போட்டு பாத்துட்டு வாங்குங்க.

அடுத்து கீபோர்டு மவுஸ். இதுக்கு கடைல யூஎஸ்பி ஸ்விட்ச்னு ஒரு சின்ன டப்பா கிடைக்கும், கேவிஎம் இல்ல, வெறும் யூஎஸ்பி மட்டும். ஒரு பக்கம் ரெண்டு கம்ப்யூட்டருக்கு போற வயர், இன்னொரு பக்கம் நாலு யூஎஸ்பி ஓட்டை, மேல ஒரு பட்டன். நாலு ஓட்டைல கீபோர்டு, மவுஸ் ரெண்டையும் குத்துங்க, ரெண்டு வயர ரெண்டு மெஷின்ல மாட்டுங்க, முடிஞ்சது. டிரைவர் எதுவும் போட வேண்டாம். பட்டன் தனியா ஒரு சின்ன வயர்ல தொங்கற மாதிரி வர்ற மாடலா பாத்து வாங்குங்க, டப்பாவ டேபிளுக்கு பின்னாடி ஒட்டிட்டு பட்டன மட்டும் கைக்கு எட்டற இடத்துல வெச்சுக்கலாம்.

ஆபீஸ் லேப்டாப்ல இதுக்கு பெரிய லாபம் ஒண்ணு இருக்கு, எந்த சாஃப்ட்வேரும் இன்ஸ்டால் பண்ண வேண்டாம். அட்மின் பாஸ்வேர்டு ஐடி டீம்கிட்ட இருக்கும், பென் டிரைவ் குத்தினாலே மெயில் வர்ற ஆபீஸ்லாம் இருக்கு, அங்கயும் கீபோர்டு மவுஸ பெரும்பாலும் தடுக்க மாட்டாங்க.

ஆனா அந்த மிச்ச ரெண்டு ஓட்டைல என்ன குத்தறீங்கங்கறதுல கவனம். பட்டன அழுத்தறதும் வயர பிடுங்கறதும் கம்ப்யூட்டருக்கு ஒண்ணு தான். எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க், பென் டிரைவ் எல்லாம் அதுல போட்டுட்டு ஃபைல் காப்பி ஆகிட்டு இருக்கறப்போ மாத்தினீங்கன்னா ஃபைல் போச்சு. வெப்கேம், ஹெட்செட் போடலாம், ஆனா மீட்டிங்ல இருக்கறப்போ பிசில ஒரு பாட்டு மாத்தலாம்னு பட்டன் அழுத்தினா இங்க முகமும் போயிடும் குரலும் போயிடும். வெப்கேம நேரா லேப்டாப்லயே விட்டுடுங்க, அது தான் நிம்மதி.

வயர்லெஸ் கீபோர்டு மவுஸ்னா அதோட டாங்கிள (கூட வர்ற குட்டி யூஎஸ்பி ரிசீவர) இந்த ஸ்விட்ச்ல குத்தினா போதும், நல்லாவே ஓடும். பக்கத்து ஓட்டைல யூஎஸ்பி 3 சாமான் ஏதாவது இருந்தா மட்டும் மவுஸ் விட்டு விட்டு நகரலாம், ஏன்னா யூஎஸ்பி 3 ஓடறப்போ 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சல் கிளப்பும், டாங்கிளும் அதே 2.4ல தான் பேசுது. ஒரு சின்ன யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு டாங்கிள தள்ளி வெச்சா சரியாயிடும்.

புதுசா கீபோர்டு வாங்கற ஐடியா இருந்தா ஸ்விட்ச் கூட வேண்டாம். லாஜிடெக் கே380, எம்எக்ஸ் கீஸ் மாதிரி கீபோர்டுல 1, 2, 3ன்னு மூணு பட்டன் இருக்கும், மூணு மெஷினோட ஜோடி சேத்து வெச்சுட்டு பட்டன் தட்டினா மாறிடும். மவுஸும் அதே மாதிரி மாறற மாடல் வேணும், அத மறந்துட்டு கீபோர்டு மட்டும் வாங்கினா தினமும் மவுஸுக்கு அல்லாடணும். ப்ளூடூத்துல ஜோடி சேத்திருந்தா, கம்ப்யூட்டர் ஆன் ஆனவுடனே போற பயாஸ் செட்டிங் ஸ்கிரீன்லயும், விண்டோஸ் ஏறதுக்கு முன்னாடி கேக்கற பிட்லாக்கர் (டிஸ்க்க பூட்டி வைக்கற விண்டோஸ் வசதி) பின் ஸ்கிரீன்லயும் பெரும்பாலும் வேலை செய்யாது, அதுக்குனு ஒரு பழைய வயர் கீபோர்ட பரண்ல போட்டு வைங்க.

இப்போ ஒரு குறை மிச்சம். கீபோர்டுக்கு ஒரு பட்டன், மானிட்டருக்கு தனியா இன்னொரு பட்டன். அதுவும் மானிட்டர் பட்டன்லாம் அடியில எங்கயோ ஒளிஞ்சிருக்கும், மெனுக்குள்ள மெனு போய் தடவி தடவி மாத்தணும். கேவிஎம் வாங்கறவங்க முக்காவாசி பேர் இந்த எரிச்சல்ல தான் வாங்கறாங்க. இதுக்கு ஒரு ஃப்ரீ வழி இருக்கு, எனக்கு இந்த மொத்த விஷயத்துலயே ரொம்ப பிடிச்சது இது தான்.

மானிட்டர் கேபிள் படத்த மட்டும் கொண்டு போறதில்ல, கம்ப்யூட்டரும் மானிட்டரும் பேசிக்கற ஒரு சின்ன லைனும் அதுக்குள்ள இருக்கு. டிடிசி சிஐன்னு பேரு. ப்ரைட்னஸ் குறை, சவுண்ட் ஏத்து, இன்புட் மாத்துன்னு கம்ப்யூட்டர்ல இருந்தே மானிட்டருக்கு சொல்லலாம். மொதல்ல மானிட்டர் மெனுக்குள்ள போய் டிடிசி சிஐ ஆன்ல இருக்கான்னு பாருங்க. அப்புறம் விண்டோஸ்ல நிர்சாஃப்ட்டோட கண்ட்ரோல் மை மானிட்டர்னு ஒரு குட்டி ஃப்ரீ ப்ரோக்ராம் இருக்கு, அத திறந்தா ஒரு பெரிய பட்டியல் வரும், அதுல 60ன்னு கோட் போட்ட வரி தான் இன்புட். இப்போ அதுல என்ன நம்பர் இருக்குன்னு மொதல்ல குறிச்சு வெச்சுக்கங்க, இது முக்கியம். பெரும்பாலான மானிட்டர்ல 15ன்னா முதல் டிஸ்ப்ளே போர்ட், 17ன்னா முதல் ஹெச்டிஎம்ஐ, 18ன்னா ரெண்டாவது ஹெச்டிஎம்ஐ, டைப் சிக்கு கம்பெனிக்கு கம்பெனி மாறும். நம்பர மாத்தி பாருங்க, ஸ்கிரீன் அடுத்த மெஷினுக்கு தாவினா உங்க மானிட்டர் நல்ல மானிட்டர். அந்த ப்ரோக்ராமுக்கு கமாண்டும் குடுக்கலாம், அத டெஸ்க்டாப்ல ஒரு ஷார்ட்கட்டா பண்ணி, ப்ராபர்ட்டீஸ்ல ஒரு ஷார்ட்கட் கீ குடுத்துட்டா கீபோர்டுலயே இன்புட் மாறும். லினக்ஸ்ல இதே வேலைக்கு டிடிசியுடில், மேக்ல பெட்டர்டிஸ்ப்ளே.

இன்னும் ஒரு படி போகலாம். கிட்ஹப்னு ப்ரோக்ராம் பகிர்ற சைட்ல டிஸ்ப்ளே ஸ்விட்ச்னு ஒரு ப்ரோக்ராம் இருக்கு, விண்டோஸ் மேக் லினக்ஸ் மூணுலயும் ஓடும். அது சும்மா பின்னாடி உக்காந்து ஒரு யூஎஸ்பி சாமான கவனிச்சுட்டே இருக்கும், அந்த சாமான் இந்த மெஷினுக்கு வந்துடுச்சுன்னா உடனே "என் இன்புட்டுக்கு மாறு"ன்னு மானிட்டருக்கு சொல்லிடும். அதாவது யூஎஸ்பி ஸ்விட்ச் பட்டன தட்டினா கீபோர்டு மவுஸோட ஸ்கிரீனும் சேந்து தானா மாறும். செட்டிங் ஃபைல்ல ரெண்டு விஷயம் தான் எழுதணும், எந்த யூஎஸ்பி சாமான், எந்த இன்புட். சாமானோட ஐடி டிவைஸ் மேனேஜர்ல ஹார்டுவேர் ஐடினு இருக்கற இடத்துல கிடைக்கும். கீபோர்டோட ஐடிய விட அந்த ஸ்விட்சுக்குள்ள இருக்கற ஹப்போட ஐடிய குடுத்தா நல்லது, நாளைக்கு கீபோர்டு மாத்தினாலும் இது அப்படியே ஓடும். ரெண்டு மெஷின்லயும் போட்டுடுங்க. சில மானிட்டர் இப்போ ஸ்கிரீன்ல இல்லாத மெஷின் சொல்றத காதுலயே வாங்காது, அப்போ தலைகீழா, சாமான் போனவுடனே அடுத்த இன்புட்டுக்கு தள்ளி விடுன்னு எழுதற வசதியும் அதுலயே இருக்கு. ஆபீஸ் லேப்டாப்ல எதுவும் போட முடியாதுன்னாலும் பிசில மட்டும் போட்டு, வந்தா இழு, போனா தள்ளுன்னு ரெண்டையும் ஒரே இடத்துல எழுதிடலாம்.

சிக்கல் எங்க வரும்னா, சில டாக் (லேப்டாப்புக்கு ஒரே வயர்ல எல்லாத்தையும் மாட்டற டப்பா) வழியா போனா இந்த பேச்சு மானிட்டருக்கு போய் சேராது, சில மேக்ல ஹெச்டிஎம்ஐ ஓட்டை வழியா தகராறு பண்ணும், டைப் சி வழியா போட்டு பாருங்க. அடுத்த மெஷின் தூங்கிட்டு இருந்தா சிக்னல் இல்லன்னு சொல்லி மானிட்டர் திரும்ப பழைய இன்புட்டுக்கே ஓடி வந்துடும், அதனால மானிட்டர் மெனுல ஆட்டோ இன்புட்னு ஏதாவது இருந்தா ஆஃப் பண்ணிடுங்க.

மேல சொன்னதெல்லாம் ஒரு நேரத்துல ஒரு மெஷின் மட்டும் பாக்கறவங்களுக்கு. லேப்டாப் ஸ்கிரீனும் திறந்தே இருக்கு, பக்கத்துல மானிட்டர்ல பிசி ஓடுது, ரெண்டையும் பாத்துட்டே வேலை செய்யணும்னா கதை வேற. அங்க ஸ்கிரீன் மாத்தவே வேண்டாம், மவுஸ் மட்டும் இந்த ஸ்கிரீன் ஓரத்துல போய் அந்த ஸ்கிரீன்ல எட்டி பாக்கணும். இதுக்கு சாஃப்ட்வேர் போதும், எல்லாம் நெட்வொர்க் வழியா நடக்கும்.

ரெண்டுமே விண்டோஸ்னா வேற எங்கயும் தேடாதீங்க, மைக்ரோசாஃப்ட்டோட பவர்டாய்ஸ்ங்கற டூல் தொகுப்புக்குள்ள மவுஸ் வித்தவுட் பார்டர்ஸ் இருக்கு. 2011ல தனியா வந்தது, 2023ல பவர்டாய்ஸ்குள்ள சேத்தாங்க. நாலு மெஷின் வரைக்கும் சேக்கலாம். ரெண்டுலயும் பவர்டாய்ஸ் போடுங்க, ஒண்ணுல செக்யூரிட்டி கீ உருவாக்குங்க, அந்த கீயும் அந்த மெஷின் பேரையும் இன்னொண்ணுல டைப் பண்ணுங்க, கனெக்ட். ஸ்கிரீன் படத்த இழுத்து எது இடது எது வலதுன்னு டேபிள்ல இருக்கற மாதிரியே அடுக்குங்க. இங்க காப்பி பண்ணி அங்க பேஸ்ட் பண்ணலாம், 100 எம்பிக்குள்ள ஃபைலும் போகும். லாக் ஸ்கிரீன்லயும் அட்மின் விண்டோலயும் மவுஸ் நின்னுடுச்சுன்னா சர்வீஸா ஓட்டற ஆப்ஷன ஆன் பண்ணுங்க.

ரெண்டுமே ஆப்பிள்னா யுனிவர்சல் கண்ட்ரோல், மேக் ஓஎஸ் 12.3ல இருந்தும் ஐபேட் ஓஎஸ் 15.4ல இருந்தும் இருக்கு, ஒரே ஆப்பிள் அக்கவுண்ட், வைஃபை ப்ளூடூத் ரெண்டும் ஆன், 10 மீட்டருக்குள்ள இருக்கணும், அவ்ளோதான்.

விண்டோஸ், மேக், லினக்ஸ்னு கலந்து கட்டினா டெஸ்க்ஃப்ளோ. இதோட வம்சம் கொஞ்சம் பெருசு, 2001ல சினர்ஜினு ஆரம்பிச்சது, அதுல இருந்து பேரியர் பிரிஞ்சுது, பேரியர்ல இருந்து இன்புட் லீப் பிரிஞ்சுது, சினர்ஜியோட ஃப்ரீ பக்கம் இப்போ டெஸ்க்ஃப்ளோன்னு இருக்கு. பழைய வீடியோல்லாம் பேரியர் போட சொல்லும், அத இப்போ யாரும் பராமரிக்கல, போடாதீங்க. கீபோர்டும் மவுஸும் எதுல குத்தியிருக்கோ அது சர்வர், மத்ததெல்லாம் கிளையண்ட். சர்வர்ல ஸ்கிரீன்கள கட்டத்துல அடுக்கி கிளையண்டோட பேர எழுத்து பிசகாம போடணும், கிளையண்ட்ல சர்வரோட ஐபி அட்ரஸ் குடுக்கணும். கனெக்ட் ஆகலையா, 24800 போர்ட்ட ஃபயர்வால் தடுக்குதான்னு பாருங்க. மேக்ல ப்ரைவசி செட்டிங்ல ஆக்சஸிபிலிட்டி பெர்மிஷன் குடுக்கலன்னா கனெக்ட் ஆன மாதிரி காட்டும், மவுஸ் நகராது. லினக்ஸ்ல வேலண்ட் (ஸ்கிரீன்ல விண்டோக்கள காட்டற புது முறை) ஓடுதுன்னா பழைய வெர்ஷன் எதுவும் உதவாது, டெஸ்க்டாப்பும் இந்த சாஃப்ட்வேரும் ரெண்டுமே புதுசா இருக்கணும்.

சாஃப்ட்வேர் வழில ரெண்டு எச்சரிக்கை. ஆபீஸ் விபிஎன் (வீட்ல இருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்கு போற தனி வழி) கனெக்ட் ஆனவுடனே வீட்டு நெட்வொர்க்க மறைச்சுடலாம், அது வரைக்கும் ஓடின மவுஸ் சட்டுனு நின்னா காரணம் பெரும்பாலும் அது தான், அத மீறி ஏதாவது பண்ண பாக்காதீங்க, யூஎஸ்பி ஸ்விட்சுக்கு போயிடுங்க. இன்னொண்ணு கிளிப்போர்டு, அதாவது காப்பி பண்ணினது தங்கற இடம். சொந்த பிசில பேங்க் பாஸ்வேர்டு காப்பி பண்ணினா அது ஆபீஸ் லேப்டாப் கிளிப்போர்டுக்கும் போகும், ஆபீஸ் கோட் காப்பி பண்ணினா இங்க வரும். ரெண்டுமே நல்லதுக்கு இல்ல, கிளிப்போர்டு ஷேரிங்க மட்டும் ஆஃப் பண்ணி வைங்க.

சரி, அப்போ நிஜமான கேவிஎம் யாருக்கு? மூணு நாலு மெஷின் இருக்கறவங்களுக்கு, மானிட்டர்ல ஒரே இன்புட் இருக்கறவங்களுக்கு, அடிக்கடி பயாஸ்குள்ள போய் ஓஎஸ் போடறவங்களுக்கு, டிடிசி வேலை செய்யாத மானிட்டர் வெச்சிருந்து பட்டன தடவ பொறுமை இல்லாதவங்களுக்கு. வாங்கறப்போ டப்பா மேல 4கேன்னு எழுதியிருக்கறத நம்பாதீங்க, பக்கத்துல 30 ஹெர்ட்ஸா 60 ஹெர்ட்ஸான்னு பாருங்க. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர்னா இன்னும் உஷாரா பாக்கணும். ஈடிஐடி எமுலேஷன் (மானிட்டர் மாட்டியே இருக்குன்னு டப்பாவே கம்ப்யூட்டர்கிட்ட சொல்லிட்டு இருக்கற வசதி) இருக்கான்னு கேளுங்க, அது இல்லன்னா ஒவ்வொரு தடவ மாத்தறப்பவும் மானிட்டர பிடுங்கிட்டாங்கன்னு கம்ப்யூட்டர் நினைச்சு திறந்து வெச்ச விண்டோவ எல்லாம் லேப்டாப் ஸ்கிரீனுக்கு வாரி கொட்டிடும், திரும்பி வந்து எல்லாத்தையும் இழுத்து அடுக்கணும். தனி பவர் அடாப்டர் போடற ஓட்டை இருந்தா நல்லது. ஸ்க்ரோல் லாக்க ரெண்டு தடவ தட்டினா மாறும்னு நிறைய மாடல்ல இருக்கும், சின்ன கீபோர்டுல அந்த கீயே இருக்காது, அதனால அந்த ஹாட்கீய (மாறறதுக்கு தட்டற கீய) வேற கீயா மாத்தற வசதி இருக்கான்னு பாருங்க. கேமிங் கீபோர்டுனா கீபோர்டுனு குறி போட்ட ஓட்டைல குத்தினா சில டப்பா முழிக்கும், அதுலயே இருக்கற சாதா யூஎஸ்பி ஹப் ஓட்டைல குத்தினா கீபோர்டு ஒழுங்கா ஓடும், ஆனா ஹாட்கீ வேலை செய்யாது, பட்டன் தான்.

ரெண்டு மானிட்டர் வெச்சு ஓட்டற கேவிஎம் விலைய பாத்துட்டு மயக்கம் போடாதீங்க. அந்த காசுக்கு பக்கத்துல வந்துட்டீங்கன்னா கேவிஎம் உள்ளயே இருக்கற மானிட்டர் வாங்கறது புத்திசாலித்தனம். டெல் யூ2723க்யூஇ, ஜிகாபைட் எம்27க்யூ மாதிரி மாடல்ல இருக்கு. கீபோர்டு மவுஸ மானிட்டர்லயே குத்தணும், லேப்டாப்புக்கு ஒரே டைப் சி வயர், பிசிக்கு ஒரு வீடியோ கேபிளும் ஒரு யூஎஸ்பி கேபிளும், இன்புட் மாறினா யூஎஸ்பியும் கூடவே மாறும். எந்த இன்புட்டுக்கு எந்த யூஎஸ்பி ஜோடினு மானிட்டர் மெனுல ஒரு தடவ சொல்லி வைக்கணும். இத செய்யாம "கேவிஎம் வேலை செய்யல"ன்னு திருப்பி அனுப்பறவங்க இருக்காங்க.

எந்த வழில போனாலும் மேக்கும் விண்டோஸும் கலந்திருந்தா கை குழம்பும், விண்டோஸ் கீபோர்டுல ஸ்பேஸ் பாருக்கு பக்கத்துல ஆல்ட், மேக்ல அந்த இடம் கமாண்டுக்கு. மேக் செட்டிங்ல கீபோர்டு, மாடிஃபையர் கீஸ்னு போய் ஆப்ஷனையும் கமாண்டையும் இடம் மாத்திடுங்க, அந்த கீபோர்டுக்கு மட்டும்னு தேர்ந்தெடுத்து மாத்த முடியும்.

தமிழ்ல டைப் பண்றவங்களுக்கு ஒரு விஷயம். தமிழ் 99 ஆகட்டும் வேற எதுவாகட்டும், எந்த கீக்கு எந்த எழுத்துங்கற லேஅவுட் இருக்கறது கம்ப்யூட்டர்ல, கீபோர்டுல இல்ல. யூஎஸ்பி ஸ்விட்ச், கேவிஎம் ரெண்டுலயும் இது தொல்ல குடுக்காது, ஒவ்வொரு மெஷின்லயும் தனித்தனியா ஒரு தடவ தமிழ சேத்துட்டா போதும். டெஸ்க்ஃப்ளோ மாதிரி சாஃப்ட்வேர்ல தான் குழப்பம், ஏன்னா சர்வர்ல எந்த லேஅவுட் ஓடுதோ அத வெச்சு தான் அது எழுத்த அனுப்பும். சர்வர்ல தமிழ் ஆன்ல விட்டுட்டு கிளையண்டுக்கு போனா பாதி கீ வராது, இல்லன்னா சம்பந்தமே இல்லாத எழுத்து வரும். சர்வர இங்கிலீஷ்ல விட்டுட்டு போய் கிளையண்ட்ல தமிழ ஆன் பண்ணி டைப் பண்ணி பாருங்க, அப்பவும் தடுமாறுச்சுன்னா தமிழ் அதிகமா அடிக்கற மெஷினையே சர்வரா மாத்திடுங்க.